முடி வளர்க்கக் காரணம் வேண்டுமாம்

இன்று வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைப்பாகைக்காரர், என் தோளில் புரளும் முடியையே முறைத்துக்கொண்டு வந்தார்.

"முடி வெட்டாம இருக்கியே, வீட்ல மாசமா இருக்காங்களா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலைங்க."

"அப்ப வேண்டுதலா?"

"இல்லைங்க."

"எப்பலேர்ந்து வளக்குற?"

"தெரியலைங்க. வெட்டல, வளந்துடுச்சு."

அவருக்கு வந்ததே கோபம்! "பொண்டாட்டிக்காவும் இல்ல, சாமிக்காவும் இல்ல, அப்புறம் ஆம்பளைக்கு எதுக்குடா இவ்ளோ முடி? உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

இறங்கும்போது வியர்வை துடைக்கத் தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளே முழு வழுக்கை.

எப்போது கொட்டியது, அதற்கு முன்னால் பெண் கொடுத்தார்களா பின்னாலா என்று நான் கேட்டேனா?

கேட்டிருக்க வேண்டுமோ? நீங்களே சொல்லுங்கள்.