அடிக்குறிப்பில் இல்லாத பெயர்

செம்மங்குப்பம் காலனியில் எம்.ஏ. முடித்த முதல் பெண் எழிலரசி. பாடம் தத்துவம். "அதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?" என்று ஊரில் கேட்டார்கள். 2006இல் சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, ஆராயப்போகும் கேள்வி மட்டும் தெளிவாக இருந்தது. யார் சொன்னால் அது அறிவு, யார் சொன்னால் வெறும் புலம்பல்?

அந்தக் கேள்வி அவள் அம்மா அமராவதியிடமிருந்து வந்தது. ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டித்தான் வீடு. எந்த நாற்றம் வந்தால் பிள்ளைகளுக்கு மூச்சு இளைக்கும், எது வந்தால் கண் எரியும் என்று அமராவதி முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஒருமுறை புகாரை விசாரிக்க வந்த அதிகாரி, "ஏம்மா, மூக்குல மீட்டரா வெச்சிருக்க?" என்று சிரித்தார். ஜீப் போன பிறகு அமராவதி சொன்னாள்:

"நாம சொன்னா நாத்தம். மிஷின் சொன்னாத்தான் வெசம்."

எழிலரசியின் வழிகாட்டி பேராசிரியர் கனகசபேசன். கோயிலை ஒட்டிய கீழவீதிக்காரர். முற்போக்கானவர் என்று பெயர். நீதி, அடையாளம் பற்றி இன்றைய தத்துவத்தில் புதிதாக எது வந்தாலும் வரவழைத்து, அவளுக்கும் ஒரு நகல் எடுத்துத் தருவார். அவள் அவரை முழுசாக நம்பினாள். மூன்றாம் அத்தியாயத்தில் அம்மாவின் அந்தப் பேச்சின் மேல்தான் வாதத்தைக் கட்டியிருந்தாள். அவர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

"இது உங்க அனுபவம். அனுபவம் தத்துவம் ஆகாது. கோபம்தான் தெரியுது, வாதம் தெரியல."

"அந்த ஆபீசரும் கிட்டத்தட்ட இதத்தான் சார் சொன்னாரு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தியாயத்தை அவள் எடுத்துவிட்டாள்.

2010இல் 'சமூக நீதியும் அடையாளமும்' என்று இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. வந்தவர்களுக்குப் பையும் பேனாவும் கொடுக்கும் வேலை எழிலரசிக்கு. கனகசபேசன் கட்டுரை வாசிக்கும்போது கடைசி வரிசையில் போய் நின்றாள். பாதியில் அவர் நிமிர்ந்து, "ஒரு கிராமத்துப் பெண் என்னிடம் சொன்னாள்" என்று ஆரம்பித்தார். அம்மாவின் நாற்றம், அம்மாவின் மிஷின், அம்மாவின் விஷம், எல்லாம் வந்தது. அடிக்கப்பட்ட அத்தியாயத்தின் வாதமும் வரிசை மாறாமல் வந்தது. அரங்கம் கைதட்டியது.

கேள்வி நேரத்தில் அவள் மைக்கை வாங்கினாள்.

"சார், அத உங்ககிட்ட யாரும் சொல்லல. சொன்னது எங்கம்மா. எழுதுனது நான்."

தலைமை வகித்த ராஜமாணிக்கம் குறுக்கிட்டார். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆதாரம் இல்லாம இப்படிப் பேசக்கூடாது." விளிம்பில் இருப்பவர்களின் சொல்லை நம்ப மறுப்பதும் வன்முறைதான் என்று அன்று காலையில் உரையாற்றியவர் அவர்.

பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்து, சிவப்புக் கோடு போட்ட தாள்களோடு விசாரணைக் குழுவின் முன் போனாள். ஆசிரியரும் மாணவியும் பேசிக்கொண்டிருந்ததில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அமராவதியின் முகம் மலர்ந்ததைத்தான் எழிலரசியால் தாங்க முடியவில்லை.

"நான் பேசுனதயா? அவ்ளோ பெரிய சபையிலயா?"

"ஆமாம்மா."

"எம் பேரச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப அந்தாளும் ஜீப்புலதான் வந்துட்டுப் போயிருக்கான்" என்றாள் அமராவதி.

வேறு வழிகாட்டி யாரும் அவளை ஏற்கவில்லை. 2011இல் பதிவு காலாவதியானது. மறு வருஷம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தப் போனாள். விண்ணப்பத்தில், ஆய்வை இடையில் நிறுத்திய காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. உள்ளதை எழுதினால் வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.