மூட்டை தூக்கினால் மட்டும் வலித்த நெஞ்சு

ஈ.சி.ஜி. எடுக்கிற வேலை என்பது, அடுத்தவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற வேலை. எழுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அந்த வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் காலம் தள்ளியவர்களே, நீங்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

கரண்டு வைத்தியம்

கையிலும் காலிலும் தகடு கட்டி, நெஞ்சில் களிம்பு தடவி, ரப்பர் குமிழை அழுத்தி ஒட்டவைத்தால், கரண்டு வைத்துக் குணப்படுத்துகிறோம் என்றே பலர் நினைத்தார்கள். நெஞ்சுத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பாலவனத்தத்திலிருந்து அடிக்கடி வரும், விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே குறைப்பட்டார்:

"போன மாசம் நல்லா வச்சுவிட்டீக. இன்னிக்குக் கரண்டு கம்மி."

யாருடைய வலி?

இருளப்பன் பஞ்சு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். மூட்டையைத் தூக்கினால் நடு நெஞ்சை அமுக்குகிறது, இறக்கிவைத்தால் போய்விடுகிறது என்று வந்தார். பக்கத்துக் கட்டடத்தில் பவர்லூம் ஓடினால் எங்கள் மெஷினில் கோடு நடுங்கும். நான் ஓடிப்போய்க் கெஞ்சி, தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து எடுத்தேன்.

கோடு சுத்தமாக விழுந்தது. கோளாறு எதுவும் இல்லை. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படுத்திருக்கிற ஆளுக்கு வலி ஏது? மூட்டையும் கையுமாக அவரைச் சோதிக்க எங்களிடம் வழியில்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இருளப்பன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அப்ப வலிக்கிறது யாருக்கு சார்?"

வாயில் வந்த அணு

டாக்டருக்கு அவரைச் சும்மா அனுப்ப மனமில்லை. கூடப் படித்த ஒருவர் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே புதுச் சோதனை வந்திருந்தது. ஆளை வேகமாக நடக்கவைத்து, மூச்சு வாங்கும்போது லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ரத்தம் சரியாகப் போகாத இடம் படத்தில் வெறுமையாகத் தெரியும்.

இருளப்பனின் மனைவி முத்தம்மாவுக்கு இதை விளக்கப்போய், வாய் தவறி 'அணு' என்று சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள போயி வெடிச்சிறாதுல்ல?"

மெட்ராஸ் ஊசி

துணைக்கு நான்தான் போனேன். ஓடுகிற பெல்ட்டின் மேல் அவரை நடக்கவிட்டார்கள். முதலில் வெட்கப்பட்டார், பிறகு வியர்த்தார், பிறகு நெஞ்சைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஊசியைப் போட்டு, படுக்கவைத்து, பெரிய கேமராவை நெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இதயத்தின் ஒரு பக்கம் வெறுமையாக விழுந்தது. நன்றாக ஓய்வெடுக்கவிட்டு மறுபடி எடுத்தபோது அந்த இடம் நிறைந்திருந்தது. அதாவது, சும்மா இருந்தால் ரத்தம் போகிறது, உழைத்தால் போதவில்லை.

எனக்கு ஒரே நினைப்புதான்: உழைக்காமல் இந்த மனுஷன் எப்படி இருப்பார்? அவரோ எழும்பூரில் ரயில் ஏறும்போது ஒரே கலகலப்பு. அது சோதனைக்குப் போட்ட ஊசி என்று எத்தனை முறை சொல்லியும் காதில் ஏறவில்லை.

"மெட்ராஸு ஊசி மெட்ராஸு ஊசிதான் சார். நெஞ்சு பஞ்சாட்டம் இருக்கு."

அடைப்பு

ரத்தக் குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்கேயோ, யாருக்கோ செய்தார்கள். எங்கள் ஊரில் மூட்டை தூக்குகிறவருக்கு அது எட்டாது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்து, இனி மூட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இருளப்பனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அவர் படியிறங்கிய பிறகு டாக்டர் மெட்ராஸ் படத்தை உறையில் போட்டு மூடினார். அப்புறம் சொன்னார்:

"எங்க அடைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம்ப்பா. கண்டுபிடிக்க மட்டுந்தான் செஞ்சோம்."

முத்தம்மா

இருளப்பன் சொன்னபடி கேட்டார். வீட்டோடு இருந்தார், வலி அடங்கியிருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். அவருக்கு மாத்திரை வாங்க முத்தம்மா வந்தார். பாளையம்பட்டியில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போவதாகச் சொன்னார். பேச்சுவாக்கில், கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறும்போது தனக்கும் நெஞ்சை அடைத்து இடது கை இழுக்கிறது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெஷினின் உறையைக் கழற்றினேன்.

முத்தம்மா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். படுங்கம்மா, வலிக்காது என்றேன். டாக்டரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளிடம் கோபம் இல்லை. எங்களுக்குப் புரியவைக்கிற மாதிரி நிதானமாகத்தான் பேசினார்.

"அவுகளுக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சீக, அவுக வீட்டுல உக்காந்துட்டாக. எனக்கும் கண்டுபிடிச்சீகன்னா, சட்டி தூக்க யாரு சார் போறது?"

நான் உறையை மறுபடி மெஷினில் மாட்டினேன். நோயைக் காட்டிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் அத்தனை வருஷ சர்வீஸில், காட்டிக்கொடுக்காமல் விட்டதற்காக என்னை ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தான்.