தகப்பன் பிறந்த இடம்

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம்தான் கிறிஸ்டின் வேலைக்குச் சேர்ந்தாள். திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரே வழக்கறிஞரான பிரக்கிராசி சோமசேகரத்தின் கந்தோர். யன்னலோரத்தில் அவளுக்கு ஒரு கதிரையும் 'ர' எழுத்து சிக்கிக்கொள்ளும் ஒரு தட்டச்சு இயந்திரமும் கிடைத்தன. அந்த வருடம் முடியுமுன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு அவள் தட்டியதில் பாதி அந்தச் சட்டத்தைப் பற்றியதுதான்.

சட்டம் நீளமானது என்றாலும் சனத்தை அலைக்கழித்தது அதில் ஒரு வாசகம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலை செய்த குடும்பங்கள் வந்து அவள் முன்னால் நின்றன. தூத்துக்குடியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

"தாய் பிறந்த இடத்தைக் கேக்க மாட்டினமோ, பிள்ளை?" என்று ஒரு மனிசி ஒருநாள் கேட்டாள்.

"இதில அதுக்கு இடமில்லை, அம்மா," என்றாள் கிறிஸ்டின்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் அந்தோனிமுத்து. டொக்யாட்டில் கொதிகலன் பொருத்துகிற வேலை. பிறந்தது திருகோணமலையில், தகப்பன் தூத்துக்குடி. இந்தியவழிக் குடிகளுக்கென்று கொண்டுவந்த அடுத்த சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க, 1951இல், தவணை முடிய ஒரு கிழமை இருக்கையில் வந்தான். அவனுடைய படிவத்தை அவள் நிரப்பிக் கொடுத்தாள். மறுமொழி வந்ததா என்று கேட்கிற சாட்டில் அவன் கிழமைக்கொரு தரம் வந்துபோனான். அடுத்த வருடம் மாதா கோவிலில் அவளுக்குத் தாலி கட்டினான்.

"மறுமொழி வரட்டும் எண்டு இருந்தால் நான் கிழவியாய்த்தான் கட்டுவன்," என்று அவள் தன் தகப்பன் பேணாட்டிடம் சொல்லியிருந்தாள்.

அவள் சொன்னது பகிடியாக நிற்கவில்லை. மறுமொழி 1956இல்தான் வந்தது. அதற்குள் மகள் சீலாவுக்கு மூன்று வயது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாற்பத்தாறாம் ஆண்டு அவனுடைய தகப்பன் ஊருக்குப் போய்ப் படுக்கையில் விழ, அவன் பார்க்கப் போனான். கிழவர் பதினாலு மாதம் கிடந்து இறக்கும்வரை அவன் அங்கேயே நின்றான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவு அறுந்ததாக அர்த்தம் என்று சட்டம் சொன்னது.

"அப்பா ரெண்டு மாசம் முந்திச் செத்திருந்தால் எனக்கு உதவியாயிருக்கும்," என்றான் அந்தோனிமுத்து. அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. இரு அரசுகளும் எழுதிக்கொண்ட உடன்பாட்டின் சுருக்கத்தைப் பத்திரிகையில் கிறிஸ்டின் இரண்டு தரம் வாசித்தாள். எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் இருந்தது. கொதிகலன் பொருத்துகிறவனைப் பற்றி அந்தச் சுருக்கத்தில் ஒரு வரியும் இல்லை. புதிய நிர்வாகம் ஆள் எடுத்தபோது பிரஜையா என்று கேட்டார்கள். அத்தோடு அவன் வேலை போயிற்று. பிறகு கிண்ணியாவில் முஹம்மது தம்பியின் பட்டறையில் வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தினான். முஹம்மது தம்பி கடுதாசி ஒன்றும் கேட்கவில்லை.

1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்ச ஒன்றரை லட்சம் பேரின் கதையைப் பிறகு பார்ப்பது. கிறிஸ்டின் அதை உரக்க வாசித்தாள். கால் கழுவிக்கொண்டிருந்த அந்தோனிமுத்து நிமிர்ந்து, "நான் எதுக்குள்ள வாறன்?" என்று கேட்டான்.

"விண்ணப்பிச்சால்தான் தெரியும்."

"திரும்பவுமோ," என்றான். மற்றக் காலைக் கழுவினான்.

கந்தோரிலும் களைப்புத்தான். சிறுபான்மையோருக்குப் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்ற பழைய அரசியல் யாப்பின் இருபத்தொன்பதாம் பிரிவைச் சோமசேகரம் தன் மனுக்களில் இருபது வருடமாக எழுதிவந்தார். எழுபத்திரண்டாம் ஆண்டு குடியரசு யாப்பு வந்தது. அன்று காலை அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பிரிவை இனித் தட்ட வேண்டாம், பிள்ளை. அது இல்லை."

சீலா படிப்பில் கெட்டிக்காரி. ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போய், பிரஜாவுரிமை அத்தாட்சி இல்லையென்று திரும்பினாள். காரணத்தைச் சிங்களத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். வாசித்துச் சொல்ல, அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் ஆள் தேட வேண்டியிருந்தது. தாயின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் இருந்தது. ஆனால் சீலா தகப்பனின் பிள்ளை.

1974இல், சீலாவுக்கு இருபத்தொரு வயது நிரம்பி இரண்டு மாதத்தில், இன்னொரு கடுதாசி வந்தது. இந்தியத் தூதரகத்திலிருந்து. அந்தோனிமுத்துவுக்கும் மகளுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டிருப்பதாகவும் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளும்படியும் அதில் இருந்தது.

கிறிஸ்டின் கடுதாசியை அவன் முன்னால் வைத்தாள். "இது என்ன?"

"எழுபதாம் ஆண்டு, கடைசித் தவணைக்கு ரெண்டு நாள் முந்திப் போய்க் குடுத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ இன்னொரு பிரிவைக் காட்டுவாய். எனக்குக் களைச்சுப் போச்சு, கிறிஸ்டின். ஒரு நாடாவது ஓம் எண்டு சொல்லட்டும் எண்டு நினைச்சன்."

"சீலாவின்ர பேரை ஏன் போட்டனீங்கள்?"

"பிள்ளையளின்ர பேரை எழுதச் சொல்லிக் கோடு கீறியிருந்தது. எழுதினன்."

கிறிஸ்டின் கதிரையில் உட்கார்ந்தாள். "பதினோராம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு," என்றாள். "தாய் இந்த நாட்டுப் பிரஜை எண்டால், பிள்ளை வயது வந்த பிறகு தானாய் விண்ணப்பிச்சுப் பதியலாம். அவளுக்கு இருபத்தொண்டு முடியட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"அவள் பிறந்த நாள் தொடக்கம்."

அந்தோனிமுத்து கடுதாசியை மடித்தான். "எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான்.

ஐந்து வருடம் ஒரு மறுமொழிக்காக அவன் முகம் காத்திருந்ததை அவள் பார்த்தவள். இன்னொரு தரம் அதைப் பார்க்க ஏலாது என்றுதான் வாயை மூடியிருந்தாள். குசினி வாசலில் நின்ற சீலா, "ரெண்டு பேரும் என்னைக் கேக்கேல்லை," என்றாள்.

"இப்ப கேக்கிறன்," என்றாள் தாய்.

"நான் இஞ்சதான் நிக்கிறன்."

சொல்வது லேசு. தாய் பரம்பரைப் பிரஜை என்று காட்ட, தாயின் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். பேணாட் இறந்து எட்டு வருடம். பிறந்தது இலங்கைத்துறையில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் என்று குடும்பத்தில் சொல்வார்கள். கச்சேரியில் அந்த வருடத்துப் பதிவேட்டைப் பார்த்து இல்லையென்றார்கள். இருபத்தாறு வருடமாக மற்றவர்களுக்கு "தேடிப் பாருங்கோ" என்று சொன்னவள், இப்போது தானே ஒவ்வொரு சனிக்கிழமையும் பதிவறைக்குப் போய்ப் பக்கம் பக்கமாகத் தேடினாள். பூச்சி அரித்த தாள். மூச்சு விட்டாலே உதிர்ந்தது. தேடத் தொடங்கிய ஐந்தாம் மாதம், தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கடைசிப் பக்கங்களில், பிந்திய பதிவாக, 'பெனாது' என்று ஒரு பெயர் கிடந்தது. தகப்பன் பேரும் தாய் பேரும் சரியாக இருந்தன. அவள் அழவில்லை. எழுதுவினைஞரிடம் பிரதி கேட்டுவிட்டுச் சுவரோர வாங்கில் போய்ச் சாய்ந்தாள்.

பேணாட் என்பவரும் பெனாது என்பவரும் ஒருவரே என்று சோமசேகரம் சத்தியக் கடதாசி எழுதினார். அவள்தான் தட்டினாள். மகளுக்கு வயது வருமுன் அவளைக் கேளாமல் தகப்பன் எழுதிய பேர், வயது வந்த பிறகு அவளைக் கட்டாது என்று இன்னொரு கடிதம் கொழும்புக்கும் தூதரகத்துக்கும் போயிற்று. சீலாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று ஒரு அட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நாட்டைவிட்டுப் போக அந்தோனிமுத்துவுக்குக் கொடுத்த தவணை காத்திருக்கவில்லை. ஒரு தரம் நீட்டித் தந்தார்கள், பிறகு முடியாது என்றார்கள்.

"பெண்சாதியும் வரலாம் எண்டு சொல்லியிருக்கு," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நான் போனால் சீலாவின்ர விண்ணப்பத்துக்கு ஆர் தாய்?"

அது உண்மைதான். ஆனால் இன்னொரு நாட்டின் வரிசையில் முதலிலிருந்து நிற்க அவளுக்குத் தெம்பில்லை என்பதும் உண்மை. அதை அவனும் விளங்கிக்கொண்டான். எழுபத்தாறில், அவளும் சீலாவும் தலைமன்னார் வரை கூடப்போய் அவனைக் கப்பலேற்றினார்கள். ஐம்பத்துநாலு வயதில், பிறந்த ஊரைவிட்டு, பதினாலு மாதம் மட்டுமே இருந்த ஊருக்கு 'தாயகம் திரும்புகிறவன்' என்ற முத்திரையோடு போனான்.

சீலாவின் அத்தாட்சி எழுபத்தெட்டில் வந்தது. மறு வருடம் கிளிவெட்டிப் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். இரண்டாம் குடியரசு யாப்பும் அதே எழுபத்தெட்டில்தான் வந்தது. பரம்பரைப் பிரஜைக்கும் பதிவுப் பிரஜைக்கும் இனி வேறுபாடு பாராட்டக்கூடாது என்று அதில் ஒரு வாசகம். வழக்காளி ஒருவருக்காக அதைத் தட்டும்போது கிறிஸ்டின் கையை எடுத்து ஒருதரம் வாசித்தாள். நல்ல வாசகம்தான். பிறகு மிச்சத்தைத் தட்டினாள்.

எண்பத்தொன்றில் அந்தோனிமுத்து ஒரு மாத விசாவில் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்த இரண்டாம் நாள் பொலிசில் பதிய வேண்டும். படிவத்தை அவள் நிரப்பினாள். தங்குமிடத்துக்குத் தங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினாள்.

"வந்த நோக்கம் எண்டு கிடக்கு. என்ன போடுறது?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "கதிரைக் காலொண்டு ஆடுது. அதைத் திருத்த வந்தனான் எண்டு போடு."

இருவரும் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு. அவள் 'குடும்பம்' என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினாள். அந்த மாதத்தில் அவன் கதிரையையும் கிணற்றுக் கப்பியையும் திருத்தினான். ஒருநாள் கிண்ணியாவுக்குப் போய் முஹம்மது தம்பியைப் பார்த்து வந்தான். இருபத்தொன்பதாம் நாள் காலை ரயிலேறினான்.

"அடுத்த வருசமும் வாங்கோ," என்றாள் கிறிஸ்டின், யன்னலைப் பிடித்துக்கொண்டு.

"விட்டால் வருவன்."

ரயில் போனதும் அவள் புகையிரத நிலையத்திலிருந்து நேராகக் கந்தோருக்கு நடந்தாள். அன்று நீதிமன்றத்தில் மூன்று வழக்குகள். சோமசேகரம் அவளைக் கண்டதும் தாள்களை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.