லொம்பெயும் பெரிய முரசும்

என் மனைவி குன்வோருக்கு வெட்கம் என்பது பிறவியிலேயே கிடையாது. நார்வேயில் எங்கள் ஊர்ப் பள்ளி வாத்தியக் குழுவின் பெரிய முரசு அவளுடையது. மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்தில் அவள் அடிக்கும் அடிக்குத்தான் ஊரே காலெடுத்து வைக்கும். பல் பிடுங்கிய வருடம்கூட வீங்கிய கன்னத்தோடு போய் அடித்தாள்.

குளிர்காலத்துக்கு நாங்கள் கேரவனில் ஸ்பெயின் போனால் முரசும் வரும். பயிற்சி விட்டுப்போகக் கூடாதாம். குளியலறை முழுவதும் அதற்கே சரியாக இருக்கும். நான் துண்டும் கையுமாகப் பொதுக் குளியலறை வாசலில் வரிசையில் நிற்பேன்.

இந்த வருடம் திரும்பி வரும்போது ஸ்வீடன்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மறுநாள் ஊர்வலம்; எல்லைப் பாலம் கூப்பிடு தூரம். அப்போதுதான் குன்வோர் எங்கள் நாய் லொம்பெயின் போர்வையை உதறினாள். ஒரு மாத்திரை உருண்டு விழுந்தது.

"டென்மார்க்ல டாக்டர் குடுத்த பூச்சி மாத்திரை! கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து துப்பியிருக்கான், திருட்டுப் பய!"

லொம்பெ வாலை ஆட்டியது.

"டாக்டர்தான் இவன் பாஸ்போர்ட்ல முத்திரை குத்திட்டாரே, அப்புறம் என்ன? நாய் வயித்துக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா? வண்டிய எடு" என்றேன்.

"நம்ம காட்டுல பிள்ளைங்க புளூபெரியப் பறிச்சு அப்படியே வாயில போடுதுங்க. இவன் போய் அங்க புழுவ விட்டுட்டு வரட்டுமா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அப்படியே வண்டியைத் திருப்பினாள். ஸ்வீடன் டாக்டரம்மா புது மாத்திரையை உள்ளே தள்ளி, விழுங்கும்வரை லொம்பெயின் வாயை விடவில்லை. ஆனால் மாத்திரை போட்டு ஒரு முழு நாள் போனால்தான் நாய் நார்வேக்குள் நுழையலாம். ஊர்வலமோ காலையில்.

"நான் இவனோட இருக்கேன். நீ போயிட்டு வா" என்றேன்.

"ஐரோப்பா முழுக்க மூணு பேரும் சேர்ந்து வந்தோம். கடைசிப் பாலத்துல ஒருத்தன விட்டுட்டுப் போவேனா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரும் கேட்காத நேர்மைக்கு இப்படியா விலை கொடுப்பது? அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். போர்வைக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

விடிந்ததும் பார்த்தால், வெள்ளிப் பொத்தான் வைத்த தேசிய உடையில் மணப்பெண் மாதிரி நிற்கிறாள்.

"கரைக்கு ஓட்டு. நம்ம ஊருக்கு நேர் எதிர்ல."

எங்கள் ஊருக்கு எதிரே கடல்கழி ஒடுங்கியிருக்கும். நடுவில் தண்ணீர்தான் எல்லை. அங்கே முரசை இறக்கிவிட்டு, வாத்தியக் குழுவை நடத்தும் ஐவிண்டுக்குப் போன் போட்டாள்.

"நான் அடிக்கிறேன். நீ பிள்ளைங்கள நடக்க விடு."

"எங்கருந்து?"

"ஸ்வீடன்லருந்து!"

"குன்வோர், காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?"

குன்வோர் முரசில் ஓங்கி ஒரு அடி போட்டாள். மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. லொம்பெ அண்ணாந்து ஊளையிட்டது. அடுத்த அடிக்கும் ஊளை, அதற்கடுத்த அடிக்கும் ஊளை. சுற்றியிருந்த குடில்களிலிருந்து ஸ்வீடன்காரர்கள் இரவு உடையில் காப்பிக் கோப்பையோடு ஓடிவந்தார்கள். ஒரு பெரியவர் என்ன ஏது என்று கேட்காமலேயே அந்த இடத்தில் கால் மாற்றி நடை போட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தொலைநோக்கியில் பார்த்தேன். அக்கரையில் கொடிகள் ஆளுக்கொரு பக்கமாகத் தடுமாறிக்கொண்டிருந்தன. பிறகு முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் கால் அடியைப் பிடித்தது. அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக எல்லாக் காலும் பிடித்தன.

"நடக்குதுங்க! குன்வோர், உன் அடிக்கு நடக்குதுங்க!" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே அடித்தாள்.

ஊர்வலம் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் பின்னால் மறைந்தது.

"போதும், நிறுத்து. கை கழண்டுடும்" என்றேன். அவளும் கோலைத் தாழ்த்தினாள்.

என் போன் அடித்தது. ஐவிண்ட், மூச்சிரைக்க:

"யாரு நிறுத்தச் சொன்னது? பிள்ளைங்க ஒண்ணு விடாம அப்படியே நின்னுடுச்சுங்க!"