கிண்ணத்துக்கு முந்துகிறவர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் தேவாலயத்தில், எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்கு முதல் ஆளாக ஓடிப்போய் முழங்காலிடுகிறவர் ஒருவர் இருந்தார். பக்தி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். என் மூளை அவ்வளவுதான். பின்வரிசை வாங்கில் இருக்கும், அவர் குறைந்த சாதி என்று சொல்லும் சனம் வாய் வைக்கும் முன் குடித்துவிட வேண்டுமாம். அவருடைய மீசை முழுக்க மூக்குத்தூள். அது ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் தோயும். அடுத்த ஆளான நான் குமட்டலோடு கண்ணை மூடிக் குடிப்பேன். பார்க்கிறவர்கள் என்னையும் பக்திமான் என்பார்கள்.

ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிறு, பரிசுத்த ஆவி இறங்கிய திருநாளில், புதிதாக வந்த போதகர் பின்வரிசை வாங்குக்காரரை முதலில் அழைத்தார். கிண்ணம் கடைசியாக எங்களிடம் வந்தபோது இவர் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னண்ணை, இண்டைக்கு ஆண்டவரோடை கோவமோ?"

"உனக்குப் பகிடி. அவையின்ரை எச்சிலை நான் குடிக்கிறதோ?"

"உங்கடை எச்சிலை இவ்வளவு காலமும் நான் குடிக்கேல்லையோ? அதுவும் தூளோடை!"

"அது வேறை. ஆவியானவர் எல்லாரிலையும் இறங்குவார், தம்பி. ஆனா எங்களிலை முதல் இறங்கோணும்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. அதுதான் எனக்கு விளங்கவேயில்லை.