பித்தளை வைத்த சைக்கிள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒரு சைக்கிள் மேல் கோபமாக இருந்தார்கள். அது அத்தையின் சைக்கிள். அப்பாவின் தங்கையான அத்தை, தம்மம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தவள், வந்த சூட்டோடு மல்லசமுத்திரம் போகும் வழியில் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் மூட்டைகளுக்கு எடை போடும் வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆலை நேரத்துக்குப் பேருந்து கிடையாது. அதனால் கூட வேலை பார்த்த பெண்ணிடமிருந்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டாள்.

நாலு நாளில் கோபம் ஆறித் திரும்பிப் போய்விடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பாவால் வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. சைக்கிளைப் பார்த்தால்தான் அவருக்கு முகம் சுண்டிவிடும். திரும்பிப் போகிறவள் எதற்குச் சைக்கிள் வாங்க வேண்டும்?

எனக்குச் சைக்கிளோடு எந்தச் சண்டையும் இல்லை. தினமும் அதன் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனேன். அத்தையின் வீட்டுக்காரரான மாமாவையும் எனக்குப் பிடிக்கும். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாகப் பலகாரப் பொட்டலம் கொண்டு வருவார். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலைச் சுற்றி வருவார். அவரை விட்டுவிட்டு அத்தை ஏன் வந்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். பெரியவர்கள் விஷயத்தில் உனக்கென்ன என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏரிக்கரை இறக்கத்தில் மழைத் தண்ணீர் அரித்திருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. டணார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி நானும் அத்தையும் புத்தகப் பையும் மண்ணில் கிடந்தோம். அத்தை முதலில் என் முட்டியைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே போகிற இரண்டு குழாய்களில் அடிக்குழாய் வாய் பிளந்திருந்தது. மேல்குழாய் மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, முன்சக்கரம் கழுத்து ஒடிந்த கோழி போலத் தொங்கியது. தன் முழங்கையில் ரத்தம் வழிவதை அத்தை கடைசியாகத்தான் கவனித்தாள்.

அன்று மாலை பெரியப்பாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார்.

"போதும்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஊட்ல இருந்து பேச வாராங்க. அதுவரைக்கும் ஊட்டோட இரு."

வாசலில் அப்பாவின் மொபெட் நின்றது. ஆலையில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் எதிரில் அப்பாவுக்கு வார்த்தைகள் வருவதில்லை. அம்மாதான் பேசினாள். "பெரியவங்க சொல்றதக் கேட்டா என்ன கொறஞ்சு போயிரும்?"

அத்தை மறுநாள் விடிந்ததும் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். பள்ளி விடுமுறை. கேரியரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கூடவே ஓடினேன். வீட்டில் கூப்பிட்ட குரல் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கையை விரித்தார். பிரேம் போய்விட்டது, வேறு வண்டி பாருங்கள் என்றார். அத்தை அங்கிருந்து நேராகத் திருச்செங்கோடு சாலையில் இருந்த வெல்டிங் பட்டறைக்குத் தள்ளினாள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு வேலை செய்கிற பெரிய பட்டறை அது. லாரிகளுக்கு நடுவே எங்கள் சைக்கிள் ஒரு துருப்பிடித்த கொடிக்கம்பி போல இருந்தது. பட்டறை முதலாளி நல்ல கனத்த மனிதர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வெளியில் தெரியவில்லை.

"ஏனுங்க, ஊட்ல ஆம்பளைங்க யாருமில்லீங்களா? வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

"சைக்கிளு என்னுதுங்க. ஒடஞ்சதும் நான் ஓட்டறப்பத்தான். எங்கிட்டவே பேசுங்க."

அவர் குனிந்து விரிசலைப் பார்த்தார். "மெல்லிசுக் குழாயிங்க இது. கரண்டு வெல்டிங் வெச்சா ஓட்டை உழுந்துரும். கேஸ்ல சூடு பண்ணிப் பித்தளை வெச்சு ஒட்டோணும். அதுக்கு அரை நாளாவும். பாருங்க, ரெண்டு லாரி நிக்குது."

"நிக்கட்டுங்க. நானும் நிக்கறேன்."

சொன்னதோடு விடவில்லை. உள்ளே வர வேண்டிய லாரியின் பாதையிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை தலையைத் திருப்பவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டு அவள் சேலையைப் பிடித்தபடி நின்றேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் நகர எனக்கும் மனமில்லை. அவர் இன்னொரு முறை நீளமாக அடித்ததும் முதலாளி பெருமூச்சோடு எழுந்தார்.

"எடுத்தாங்க இப்பிடி. உங்களோட மாரடிக்கறதுக்கு வேலைய முடிச்சுட்டே போயிரலாம்."

மனதில்லாமல் தொடங்கினாலும் கை வைத்த பிறகு அவர் அவசரப்படவில்லை. பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிளந்த குழாய்க்குள் ஒரு சிறு குழாய்த்துண்டைச் செருகி, இரண்டு வாயையும் நேராகச் சேர்த்தார். கேஸ் நெருப்பு நீலமாகச் சீறியது. குழாய் சிவந்து வந்ததும் பித்தளைக் கம்பியை வெண்காரப் பொடியில் தொட்டுத் தொட்டு வைத்தார். கம்பி முனை உருகி விரிசலைச் சுற்றித் தானாகவே ஓடிப் புகுந்துகொண்டது. அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை அதையே பார்த்தாள். நான் அவசரப்பட்டுத் தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். தானாக ஆறட்டும், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்றார்.

ஆறிய பிறகு அந்த இடம் மட்டும் மஞ்சளாக, ஒரு மோதிரம் போட்டது மாதிரி இருந்தது.

"மேல கறுப்பு அடிச்சுத் தர்றேன். ஒட்டுனது தெரியாது."

"தெரியட்டுங்க," என்றாள் அத்தை. பிறகு கேட்டாள்: "பாரந் தாங்குங்களா?"

"ஏனுங்க, என்ன இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? என்னையவே தாங்கும்."

"அப்ப ஏறி உக்காருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவரும் நினைத்தார். அத்தை சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தாள். லாரிக்காரரும் பட்டறை ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இனி மாட்டேன் என்று சொன்னால் செய்த வேலைக்கே கேவலம். அவர் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். டயர் தரையோடு தரையாக அமுங்கியது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முதல் இரண்டு மிதிக்குச் சைக்கிள் பாம்பு போல நெளிந்தது. பிறகு நேரானது. ரிக் லாரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே அவரை இறக்கிவிட்டாள். அவர் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு கையையும் விட்டு, முதல் ஆளாகச் சிரித்தார். திரும்பும்போது நான் கேரியரில் உட்கார்ந்து, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். எனக்குப் பலகாரப் பொட்டலம் வந்தது. பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும் பேசி முடித்து, விஷயத்துக்கு வரத் தொண்டையைக் கனைத்தபோது அத்தை வெளியே வந்தாள். மரவள்ளிக் காலத்தில் ஆலைக்கு ஞாயிறு விடுமுறையும் கிடையாது. நேராகப் போய்ச் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினாள்.

மாமாவின் அப்பா கேட்டார். "என்னம்மா, ஒன்ன வச்சுத்தான பேச வந்திருக்கோம். நீயே கெளம்பிட்டா எப்படி?"

"வேலைக்கு நேரமாச்சுங்க. இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

பெரியப்பா எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். குரலை மட்டும் தணித்துக்கொண்டார். "ஒடஞ்ச சைக்கிளையே அலைஞ்சு திரிஞ்சு ஒட்ட வெச்சுட்டு வந்தயில்ல? குடும்பத்த ஒட்ட வெக்கறதுக்கு மட்டும் மனசு வராதா?"

அத்தை அவர் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"சைக்கிளு என்னைய ஒரு நாளும் அடிச்சதில்லீங்ணா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் எல்லாருக்கும் கேட்டது. மாமா தன் செருப்பைப் பார்த்தார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா எங்கேயோ பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடி என்பது எங்கள் வீட்டில் அப்படியொன்றும் அதிசயமில்லை. வாத்தியார் என்னை அடிப்பார். அம்மா அடிப்பாள். அப்பா அம்மாவை அடித்து நான் பார்த்திருக்கிறேன், மறுநாள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். இதற்கா இத்தனை பெரியவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று இருந்தது. எனக்குப் பலகாரம் வாங்கி வந்த மாமாவை அத்தை எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று அவள் மேல் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கு அவள் வருவதே கிடையாது. அன்று நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து வந்து, அத்தையின் டிபன் தூக்கைக் கேரியரில் வைத்துக் கட்டினாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"பாத்துப் போ சாமி. பொழுதோட ஊடு வந்து சேரு."

அத்தை ஒரு கணம் அம்மாவையே பார்த்துவிட்டு ஏறி மிதித்தாள். தெருமுனை திரும்பும் வரை அம்மா வாசல் நடுவிலேயே நின்றாள். அப்பா கூப்பிட்டும் திரும்பவில்லை.

அத்தைக்கு ஆலைக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் அம்மா அவ்வளவு வேகமாக வந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.