லாக்கரில் வைக்கக் கூடாதது

இன்னும் எழுதாத நாவலை வேகமாக எழுதுவதற்காக, கணினியை வேகமாக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை மலிவாக வாங்கச் சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். கைக்குட்டையில் சுற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை அடிக்கடி தடவிக்கொண்டார்.

"ஏனுங்க, ரொம்ப வருசம் கெடாத எஸ்எஸ்டியாக் குடுங்க. தவறிப்போன எம் பொண்ணோட வீடியோவெல்லாம் இதுல இருக்குது. மாத்தி, பேங்க் லாக்கர்ல வெச்சுப்போடறனுங்க."

கடைக்காரர் தயங்கினார். "எஸ்எஸ்டியை வருசக்கணக்காச் சும்மா வெச்சா, உள்ள இருக்கறது அழிஞ்சாலும் அழிஞ்சுபோகுங்க. ஊட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டி, அப்பப்பப் போட்டுப் பாக்கோணுங்க."

"பாக்க முடியாமத்தானுங்க லாக்கருக்கே கொண்டுபோறேன்."

டிஸ்க்கை மறுபடி ஒருமுறை தடவிவிட்டு அவரே, "சரி, ஊட்டுக் கம்ப்யூட்டருக்கே குடுங்க" என்றார்.

என் கணினி இப்போது பத்து நொடியில் திறந்துவிடுகிறது. அவர் தன்னுடையதைத் திறந்திருப்பாரா என்று தினமும் யோசிக்கிறேன். நாவலை இன்னும் தொடங்கவில்லை.